பங்கு என்றால் யாருடைய பங்கு?

தமிழில் 'பங்கு' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரு மாம்பழத்தை அறுத்துப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு பங்கு. அப்பா வாங்கி வைத்திருக்கும் கம்பெனி ஷேரும் பங்குதான். தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த குடும்பங்களையும் சேர்த்து அவர்கள் 'பங்கு' என்பார்கள். (ஆமாம், சர்ச்சையும் அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள்.) அந்தக் கோயிலின் பொறுப்பில் இருக்கும் சாமியார் பங்குத்தந்தை. மக்கள் சார்பில் அவரோடு உட்கார்ந்து பேசும் குழு பங்குப் பேரவை. சாமியாராகவோ துறவியாகவோ இல்லாத சாதாரண மக்களுக்குப் பொதுநிலையினர் என்று பெயர்.

சரி, பெயரே பங்கு என்றால், அதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு? முடிவு எடுப்பது யார்? காசைக் கையாள்வது யார்? சாமியார் தப்பு செய்தால் யார் கேட்பது? மக்களே தப்பு செய்தால்?

இதைப் படிக்கும் நீங்கள் கத்தோலிக்கராக இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒன்றும் குறையில்லை. ஹூஸ்டனில் நாம் சனிக்கிழமை மளிகை வாங்கப் போகும் ஹில்கிராஃப்ட் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2010-இல் அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். தெருப்பலகைகளின் மேல் அந்தப் பெயர் சின்னதாக இருக்கும். அங்கே புடவைக்கடையிலும் தோசைக்கடையிலும் நீங்கள் பார்க்கும் பெரியவர்களில் பலர் ஏதாவது ஒரு கமிட்டியில் இருப்பார்கள். கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி கமிட்டி, சங்கத்துக் கமிட்டி. எல்லாக் கமிட்டியிலும் ஒரே சண்டைதான்: யார் பேசலாம், யார் முடிவு செய்யலாம்? கத்தோலிக்கர்கள் இந்தச் சண்டையைப் பல நூறு வருஷமாகப் போட்டுவருகிறார்கள். அதில் தமிழர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் பெரிய இடம் உண்டு. அந்தக் கதைதான் இது.

கணக்கப்பிள்ளையும் மூப்பரும்

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் என்ற இயேசு சபைச் சாமியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடியைச் சுற்றியுள்ள கடற்கரைக்கு அந்தப் பெயர். அங்கிருந்த பரதவர்கள் அவர் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னாலேயே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஊர்களோ பல. சாமியார்களோ ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

சவேரியார் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் எழுத வைத்தார். பிறகு ஊருக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்தார். அவருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். பிள்ளைகளைக் கூட்டி வைத்து செபம் சொல்லிக்கொடுப்பது, அவசரத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பின்னாளில் உபதேசியார், கோயில்பிள்ளை என்ற பெயர்களும் வந்தன. சாமியார் வருஷத்தில் சில நாள்தான் வருவார். மீதி நாள் முழுக்கக் கோயிலை நடத்தியது இந்த மாதிரி சாதாரண மனிதர்கள்தான்.

இதைவிடப் பெரிய சோதனை இலங்கையில் நடந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். டச்சுக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கச் சாமியார்களை நாட்டைவிட்டு விரட்டினார்கள். சாமியாரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று உத்தரவு போட்டார்கள்.

அப்புறம் கிட்டத்தட்ட 30 வருஷம். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சாமியார் இல்லை, பூசை இல்லை. அந்த நேரத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணம் செய்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். இத்தனைக்கும் தங்கள் சாமியார் ஒருவரைக்கூடக் கண்ணால் பார்த்திருக்காது. ஒரு மதம் செத்துப்போக அவ்வளவு காலம் போதும். ஆனால் அது சாகவில்லை. வீட்டுக்குள் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த செபத்திலும், ஊர்ப் பெரியவர்கள் ரகசியமாகக் கூட்டிய கூட்டத்திலும் அது உயிரோடு இருந்தது.

1687-இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற சாமியார், அடிமட்டக் கூலிக்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு இலங்கையில் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். யாழ்ப்பாணத்தில் சில்லாலை என்ற ஊர் மக்கள் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தார்கள்.

வாஸ் அடிகளார் போன இடமெல்லாம் மூப்பர், அண்ணாவியார் என்று உள்ளூர்ப் பொறுப்பாளர்களை ஏற்படுத்தினார். சாமியார் இல்லாத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்துவது அவர்கள் கடமை. அவருக்குப் பின்னால் 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நிறையப் புத்தகங்கள் எழுதினார். சாமியார் இல்லாத ஊரில் அந்தப் புத்தகத்தை யாராவது எழுந்து வாசிப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். ஜோசப் வாஸ் 1711-இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் கொழும்புக்கே வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அவரை ஒளித்துவைத்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் புனிதர் பட்டியலிலும் இல்லை.

அப்படியானால் பொதுநிலையினர் 'உதவியாளர்கள்' மட்டும்தானா? இந்தக் கதையைப் படித்தபின் அப்படிச் சொல்வது கஷ்டம்.

பக்கத்து வீட்டுப் பள்ளியோகம்

கேரளாவின் தோமா கிறிஸ்தவர்களிடம் பள்ளியோகம் என்று ஒன்று உண்டு. உங்கள் வகுப்பில் மலையாளி நண்பர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள். 'பள்ளி' என்றால் அவர்களுக்குச் சர்ச். குடும்பத் தலைவர்கள் எல்லோரும் பள்ளியில் கூடி, கோயில் சொத்து, வரவு செலவு, ஊர் வழக்கு எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம் இது. போர்ச்சுக்கீசியப் பிஷப்புகளுக்கு இது புரியவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கூடியவர்கள் குடும்பத் தலைவர்கள். அதாவது ஆண்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கோ, உங்கள் அம்மாவுக்கோ அங்கே பாய் விரித்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு சண்டை

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். இந்த நாடு பிறந்த புதிதில், மதக் குழுக்கள் சொத்து வைத்துக்கொள்ளச் சட்டம் ஒரு வழி செய்துகொடுத்தது. மக்கள் தங்களுக்குள் டிரஸ்டிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரில் சொத்தைப் பதிவு செய்யலாம். புராட்டஸ்டண்டுகளுக்கு இது பழகிய முறை. கத்தோலிக்கர்களும் அதையே பின்பற்றினார்கள். 1785-இல் நியூயார்க்கில் புனித பேதுரு பங்கு தொடங்கியபோது அதற்கும் டிரஸ்டிகள் இருந்தார்கள்.

கொஞ்ச நாளிலேயே கேள்வி வந்தது. நிலம் எங்கள் பெயரில், சம்பளம் எங்கள் காசில். அப்படியானால் எந்தச் சாமியார் வேண்டும் என்பதையும் நாங்கள்தானே முடிவு செய்ய வேண்டும்? நாம் வோட்டுப் போட்டு ஜனாதிபதியையே தேர்ந்தெடுக்கிறோமே! ராஜாவைத் துரத்திவிட்டு வந்த மக்கள் அப்படிக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. பிஷப்புகளின் பதில்: சாமியாரை அனுப்புவது பிஷப்பின் பொறுப்பு, அது தேர்தல் விஷயம் இல்லை.

ஃபிலடெல்பியாவின் புனித மரியா ஆலயத்தில் இது முற்றியது. வில்லியம் ஹோகன் என்ற சாமியாரைப் பிஷப் விலக்கினார். டிரஸ்டிகள் ஹோகனை விட மறுத்தார்கள். 1822-இல் டிரஸ்டி தேர்தல் நாளன்று இரண்டு கட்சியும் கோயில் வாசலிலேயே அடித்துக்கொண்டன. பலருக்குக் காயம். 1829-இல் பால்டிமோரில் கூடிய பிஷப்புகள், இனிமேல் டிரஸ்டிகளுக்கு இப்படிப்பட்ட அதிகாரம் கூடாது என்று விதிகள் போட்டார்கள்.

அதே காலத்தில் ஒரு பிஷப் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். சார்ல்ஸ்டனின் ஜான் இங்கிலாண்ட். அயர்லாந்துக்காரர். 1823-இல் தன் மறைமாவட்டத்துக்கு எழுத்தில் ஒரு அரசியல் சட்டமே எழுதினார். வருஷா வருஷம் மாநாடு கூடும். ஒரு பக்கம் சாமியார்கள் அவை, இன்னொரு பக்கம் மக்கள் தேர்ந்தெடுத்த பொதுநிலையினர் அவை. நம்பிக்கையையும் திருவருட்சாதனங்களையும் பற்றி மாநாடு முடிவு எடுக்கக் கூடாது. பணத்தையும் நிர்வாகத்தையும் பற்றி எல்லாம் பேசலாம். யாருக்கு எது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டதால் அங்கே ஃபிலடெல்பியா மாதிரி அடிதடி வரவில்லை. ஆனால் 1842-இல் அவர் இறந்ததும் அந்த ஏற்பாடும் அவரோடு போய்விட்டது. நல்ல மனசால் மட்டும் நடக்கிற ஒரு ஏற்பாட்டுக்கு அந்த மனிதர் இருக்கும் வரைக்கும்தான் ஆயுள்.

1863-இல் நியூயார்க் மாநிலம் ஒரு நடுவழியைச் சட்டமாக்கியது. பங்கின் சொத்துக்கு ஐந்து பேர் பொறுப்பு: பிஷப், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் முதன்மைக் குரு, பங்குத்தந்தை, இரண்டு பொதுநிலையினர். நியூ ஜெர்சியிலும் இதே மாதிரி ஏற்பாடுதான். உங்கள் சித்தப்பா, அத்தை யாராவது எடிசன் பக்கம் இருந்தால், அங்குள்ள கத்தோலிக்கப் பங்குகளில் இன்றும் அந்த இரண்டு பேர் இருப்பார்கள். ஐந்துக்கு இரண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரும்பான்மை யாரிடம் என்று தெரியும்.

வடக்கன்குளத்துச் சுவர்

இதுவரை படித்துவிட்டு, 'மக்கள் நல்லவர்கள், பிஷப்புகள் கெடுபிடிக்காரர்கள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊரிலேயே அதற்கு மறுபக்கம் இருக்கிறது.

திருநெல்வேலி மாவட்டத்தில் கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. 1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிய ஊர். 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அந்த ஊரில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பு விசித்திரமானது. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இரண்டு கால். இரண்டு காலும் பீடத்தில் வந்து சேரும். ஒரு காலில் பிள்ளைமாரும் முதலியார்களும், இன்னொரு காலில் நாடார்கள். நடுவில் சுவர். எல்லோரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம்!

இதைக் கேட்டு வாங்கியது யார்? அந்தக் கோயிலின் செல்வாக்குள்ள பொதுநிலையினர். கட்டிக்கொடுத்தது யார்? பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார்கள். மக்கள் குரலைக் கேட்டார்கள்தான். ஆனால் யார் குரல் சத்தமாகக் கேட்டதோ அதை மட்டும் கேட்டார்கள்.

1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். அப்போது அங்கே இருந்தவர் கௌசானல் அடிகளார். பிள்ளைமாரும் முதலியார்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். கோயிலுக்குள் எங்களுக்குத் தனி இடம் வழக்கப்படி உரிமை என்று வாதாடினார்கள். வழக்கு தூத்துக்குடியிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் அவர்கள் தோற்றார்கள். சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் தனி இடம் கேட்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இங்கே மக்களில் ஒரு பகுதி சுவர் வேண்டும் என்றது, மேலே இருந்தவர்கள் இடித்தார்கள். வோட்டுப் போட்டிருந்தால்? வோட்டு யாரிடம் இருந்திருக்கும் என்பதைப் பொறுத்தது. அந்தச் சுவர் இடிந்ததால் சாதி இடிந்துவிடவில்லை. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தலித் மக்கள் மீதான பாகுபாடு இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை ஒழிக்கத் தனிக் கொள்கையே வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே 'மக்களுக்கு அதிகாரம்' என்று சொல்வதோடு நிறுத்த முடியாது. எந்த மக்களுக்கு என்று அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1962 முதல் 1965 வரை வத்திக்கானில் உலக ஆயர்கள் கூடிய பெரிய சங்கம் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்பார்கள். பூசை தமிழில் கேட்கும்படி ஆனது இதற்குப் பிறகுதான். அதுவரை லத்தீன். அந்தச் சங்கம் பொதுநிலையினரைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. மறைமாவட்டங்களிலும் பங்குகளிலும் மக்கள் இருக்கும் குழுக்கள் வேண்டும் என்றது. இன்றைய பங்குப் பேரவை அங்கிருந்து வந்ததுதான்.

1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

212-ஆம் சட்டம்: திருச்சபையின் நன்மைக்காகத் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல மக்களுக்கு உரிமை உண்டு. சில நேரம் அது கடமையும்கூட.

536-ஆம் சட்டம்: ஆயர் தேவை என்று நினைத்தால் பங்குகளில் பேரவை அமையும். தலைவர் பங்குத்தந்தை. பேரவைக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு.

537-ஆம் சட்டம்: நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

1287-ஆம் சட்டம்: மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசைப் பார்க்கும் குழு கட்டாயம். மனிதர்கள் குரலைக் கேட்கும் பேரவை, ஆயர் விருப்பம். பேரவையில் 12 பேர் இருந்து, அதில் 11 பேர் ஒன்றைச் சொன்னாலும் பங்குத்தந்தை வேறு முடிவு எடுக்கலாம். ஆலோசனை என்றால் அதுதான் பொருள். ஆனால் நல்ல பங்குத்தந்தை 11 பேர் சொன்னதைத் தள்ளும்போது ஏன் என்று சொல்வார். மோசமானவர் கூட்டத்தையே கூட்ட மாட்டார்.

ஆலோசனை மட்டும் போதாது என்று அமெரிக்கா கற்றுக்கொண்ட ஒரு பாடம் வலி மிகுந்தது. 2002-இல் பாஸ்டனில், சில சாமியார்கள் குழந்தைகளுக்குக் கொடுமை செய்ததும், மேலே இருந்தவர்கள் அதை மூடி மறைத்ததும் வெளிவந்தது. அதே வருஷம் ஜூன் மாதம் அமெரிக்க ஆயர்கள் நம் டெக்சாஸின் டல்லஸில் கூடினார்கள். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இப்படிப்பட்ட புகார்களை ஆராய ஒரு குழு வேண்டும், அதில் பெரும்பான்மையானவர்கள் மறைமாவட்டத்தில் வேலை செய்யாத பொதுநிலையினராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்பாக்களும் அம்மாக்களும் அந்த அறையில் முன்பே இருந்திருந்தால் இவ்வளவு காலம் மூடி மறைத்திருக்க முடியுமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அடுத்த அடியும் வந்தது. 2023, 2024 அக்டோபர் மாதங்களில் வத்திக்கானில் நடந்த ஆயர் மாமன்றத்தில் முதல்முறையாகப் பொதுநிலையினரும் 50-க்கும் மேற்பட்ட பெண்களும் வோட்டுப் போட்டார்கள். பேரவைகளை எல்லா இடத்திலும் கட்டாயமாக்க வேண்டும் என்று அதன் இறுதி ஏடு கேட்டுக்கொண்டது.

நமக்கு இதில் என்ன?

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தேன். நம்மைப் போன்ற இரண்டாம் தலைமுறைக்குக் கமிட்டி என்றாலே சலிப்பு வரும். அப்பாவும் மாமாவும் ஃபோனில் சத்தம் போடுவது, பட்டியலில் பெயர் எந்த வரிசையில் வரும் என்று கோபித்துக்கொள்வது, இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு பங்கில் தமிழில் மாதம் ஒரு பூசை வேண்டும் என்றாலும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எந்த மொழியில் என்றாலும், வியட்நாமியர், மெக்சிகோக்காரர், நாம் எல்லோரும் ஒரே ஹாலை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்றாலும், அது அந்தச் சலிப்பூட்டும் மேஜையில்தான் பேசப்படும். அங்கே போய் உட்காராதவர்களுக்காக வேறு யாராவது பேசிவிடுவார்கள்.

இந்தக் கதையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கமிட்டிக்கும் இவை பொருந்தும். பியர்லண்ட் மீனாட்சி கோயிலாக இருந்தாலும் சரி, உங்கள் ஸ்கூல் கிளப்பாக இருந்தாலும் சரி. ஒன்று, யாருக்கு எந்த அதிகாரம் என்பது எழுத்தில் இருக்கிறதா? இரண்டு, கணக்கு எல்லோருக்கும் தெரிகிறதா? மூன்று, இந்த அறையில் யார் இல்லை? மூன்றாவதைத்தான் வடக்கன்குளத்தில் 1872-இல் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் இந்த வாரம் ஊருக்கு வீடியோ கால் போடும்போது பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: "பாட்டி, உங்க ஊர்க் கோயிலில் உபதேசியார் யாரு? சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?" சொல்வதை எழுதி வையுங்கள். எந்தப் பங்குப் பேரவையின் பதிவேட்டிலும் ஏறாத பெயர்கள் அதில் கிடைக்கும்.